நூற்று அறுபதில் ஒன்று

பதினான்கு மாதம் முன்பு பணம் கட்டியது,
இன்றுதான் வந்தது.
மிசிசிப்பி உறைந்து கிடக்கும் லா க்ராஸில்
தபால்காரர் கையுறையைக் கழற்றாமலே
கையெழுத்து வாங்கிப் போனார்.

புது எஞ்சின் ஒன்று, தானிய வேகன் மூன்று.
வேகன் என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
ஏணிக் கம்பி ஒவ்வொன்றும் தலைமுடி கனம்.
நான் பல் செட் செய்கிறவள்.
கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை
மெழுகில் செதுக்கிச் செதுக்கி
கண்ணுக்கு இந்த அளவுதான் சௌகரியம்.
பெரிய சாமான்களை
எங்கே பிடிப்பது என்றே தெரிவதில்லை.

கடையில் டுவேன் சொல்லுவான்:
"சுத்தமான வேகன் இப்போ யாருக்கு வேணும்?
துருவோட வருது, தூசியோட வருது,
பையன்கள் ராத்திரி அடிச்ச பெயிண்டோட வருது."
உண்மைதான்.
நிஜ வேகனைப் படமெடுத்து
அதன் கிறுக்கலை அப்படியே சுருக்கி
அச்சடித்துவிடுகிறார்கள்.
கிறுக்கலுக்குப் பன்னிரண்டு டாலர் கூடுதல்.

முதல் வேகனில் பச்சையாய் ஒரு மீன்.
இரண்டாவதில் வயிறு உப்பிய எழுத்துகள்,
எந்தப் பக்கமிருந்தும் படிக்க முடியாது.
மூன்றாவதை நுரைக்குள்ளிருந்து உருவினேன்.

ஸ்லீட்.

வெள்ளை மேல் ஊதா.
கடைசி எழுத்தின் கால் மட்டும் ஒடிந்து தொங்கியது.

அந்தக் காலை அவன் ஒடித்துப் பழகியது
எங்கள் கராஜ் கதவில்.
அப்பா மூன்று முறை வெள்ளையடித்தார்.
நான்காம் முறை கதவை விட்டுவிட்டு
கார்ஸ்டனை வெளியே தள்ளினார்.
பதினோரு வருஷம், கிணற்றில் போட்ட கல்.
அப்பா போன செய்தியை
எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

கம்பெனிக்கு எழுதினேன்.
சக்கரம் உரசினால், ஏணி வளைந்திருந்தால்
எழுத வேண்டிய விலாசம் அது.
இந்தப் படம் எங்கே எடுத்தது, எப்போது?
ஆறு நாள் கழித்து மார்சி என்றொரு பெண்:
"வாங்கியமைக்கு நன்றி.
பேக்கர்ஸ்ஃபீல்ட் யார்டு,
இரண்டு வருடம் முந்தைய ஆகஸ்ட்.
பெயிண்ட் அப்போது காயவில்லையாம்,
படமெடுத்தவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டதாம்.
வேறு ஏதேனும் குறை உள்ளதா?"

வேறு ஏதேனும் குறை.
பதில் எழுத உட்கார்ந்தேன். எழுந்தேன்.
பாத்திரம் கழுவினேன்.

பெயருக்கு அடியில் பொடியாய் இன்னொரு வரி.
யாருக்காவது எழுதியிருப்பான்,
சும்மா விடுகிறவன் இல்லை.
வேலைக்கு மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டினேன்.
பத்து மடங்கு. இருபது மடங்கு.
நெருங்க நெருங்க எழுத்து எழுத்தாகவே இல்லை:
ஊதாப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, ஊதாப் புள்ளி.
கைநீளத்துக்கு அவன் எழுதியதை
அரிசி அளவுக்கு இறக்கும்போது
மை தின்றுவிட்டது.

முழுப் படத்தைக் கேட்டேன்.
உரிமை எடுத்தவருடையது, வருந்துகிறோம்,
அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி
இத்துடன் இணைத்துள்ளோம்.

மற்றதெல்லாம் துல்லியம்.
வேகன் எண்கூட.
நான்கு ஏழு மூன்று, ஒன்று எட்டு ஆறு.

ஆகவே சனிக்கிழமைகளில்
கில்லெட் தெரு ரயில்வே கேட்டில் நிற்கிறேன்,
ஃபிளாஸ்க்கில் காபியோடு.
பெயிண்ட் படிக்க நேரம் விடாது ரயில்.
நேற்று நூற்று ஏழு வேகன் எண்ணினேன்.
எண்பதோ எண்பத்தொன்றோ,
பச்சையாய் ஒரு மீன் வந்தது.
என் அலமாரியில் இருக்கும் அதே மீன்,
ஒரு கண் மட்டும் என் முகத்தைவிடப் பெரிது,
செதில் செதிலாய்த் துரு.
தடதடத்து வடக்கே போயிற்று.
கை என்னையறியாமல் மேலே போயிருந்தது;
பக்கத்துக் காரில் இருந்தவர்
எனக்குத்தான் என்று நினைத்து
பதிலுக்கு ஆட்டினார்.

மாலை டுவேன் கடைக்குப் போய்
அடுத்த வெளியீட்டுக்கும் கட்டிவிட்டேன், மூன்று வேகன்.
தள்ளுபடி போகச் சொன்ன விலை பரவாயில்லை.
எந்தக் கிறுக்கல் வரும் என்று கேட்டதற்கு
அதெல்லாம் பெட்டியைத் திறந்தால்தான் என்றான்.
எப்போது வரும் என்றதற்கு
சிரித்தான்.